முறைப்படி அழைக்காத ஊசி

நம் பக்கத்தில் ஒரு வகை மனிதர் உண்டு. 'முறையா அழைக்கலையே' அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால், கொண்டு வந்தவன் வாசலில் நின்று கொடுத்தானா, உள்ளே வந்து உட்கார்ந்து கொடுத்தானா, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தானா, மேலே 'உயர்திரு' போட்டிருந்தானா என்று பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் முகூர்த்தத்தன்று அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். என்ன பாயசம் என்று மட்டும் மறுநாள் விசாரிப்பார்.

மேலகரம் குமரகுரு இந்த இனத்துக்கே தலைவர். ஊருக்கு அண்ணாச்சி, என் சின்னம்மை மகளைக் கட்டியதால் எனக்கு மச்சான். செங்கோட்டையில் சொந்த அத்தை மகன் கல்யாணத்துக்கே போகாதவர். தாம்பாளம் இல்லையாம்.

அவர் மகள் உமாதேவி தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றாள். சாரல் காலம். குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டமெல்லாம் இருமலை இங்கே விட்டுவிட்டுப் போகிற நேரம். பிள்ளையைத் தூக்குகிறவர்கள் சளிக்காய்ச்சல் ஊசி போட வேண்டும், போட்டாலும் மருந்து பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் பாலம்மாள் சொல்லியனுப்பினாள். உமாதேவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊசி போடாத கை பிள்ளைமேல் படக்கூடாது.

முப்பதாம் நாள் பேர் விடுவது. தாத்தா பிள்ளையை மடியில் வைத்து, காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். பெண் வீட்டில் நடப்பதால் அந்த உரிமை அண்ணாச்சிக்கு. அதற்காகவே பட்டுவேட்டி எடுத்து வைத்திருந்தார்.

இரண்டு தாத்தாக்களின் போன் நம்பரையும் உமாதேவி ஆஸ்பத்திரியில் கொடுத்தாள். மறுநாளே மெசேஜ் வந்தது: 'அன்புடையீர், தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.'

"அன்புடையீராம்லா. ஊரு பூரா அன்புடையீருதான். கூட்டத்தோட கூட்டமா நான் போவணுமாக்கும்" என்றார் அண்ணாச்சி.

பத்து நாள் கழித்து அடுத்தது: 'குமரகுரு, நீங்கள் இன்னும் வரவில்லை.'

"மொட்டையா குமரகுருவாம். எங்க அப்பாகூட என்னைய இப்படிக் கூப்பிட்டதில்ல."

உண்மைதான். அவர் அப்பா அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இருபதாம் நாள் மூன்றாவது வந்தது: 'குமரகுரு ஐயா அவர்களே, உங்களுக்கென்று ஒரு ஊசி எடுத்து வைத்திருக்கிறோம்.'

இலை போட்டு வைத்த பிறகு போகாமல் இருக்கலாமா? மனிதர் உருகிவிட்டார். சலவை வேட்டி கட்டிப் புறப்பட்டார். ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய சலவை வேட்டிகள். எல்லார் போனிலும் அதே ஊசி எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"எனக்குன்னு எடுத்து வச்சது எதும்மா?" என்று கேட்டார்.

பாலம்மாள் பெட்டியில் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். "இதான் அண்ணாச்சி. சட்டையத் தூக்குங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பேரனத் தூக்குங்க."

அப்போதுதான் விரல்விட்டு எண்ணினார். பேர் விட இன்னும் பத்தே நாள். வீட்டுக்கு வந்து மகளிடம் தேதியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லிக் கெஞ்சினார்.

"எப்படிப்பா தள்ள முடியும்? எல்லாரையும் முறையா அழைச்சாச்சே" என்றாள் உமாதேவி.

அண்ணாச்சியின் சம்பந்தி வல்லிநாயகம், புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டிக்காரர். 'அன்புடையீர்' வந்த அன்றைக்கே ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கையை நீட்டியவர். பேர் விட்ட அன்று அவர் மடியில்தான் பிள்ளை இருந்தது. அவர்தான் காதில் மூன்று முறை சொன்னார். அண்ணாச்சி மாஸ்க் மாட்டிக்கொண்டு, பட்டுவேட்டியோடு நடைவாசலில் நின்றார். அவர் உதடும் உள்ளே மூன்று முறை அசைந்தது. யார் காதிலும் விழவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் போனில் 'அன்புடையீர்' என்று வந்து, இது நமக்கில்லை என்று நீங்கள் தள்ளிவிட்டது எத்தனை? நிற்க. இதையும் நான் ஊருக்குப் பொதுவாக எழுதவில்லை. ஐயா அவர்களே, உங்களுக்கென்று எடுத்து வைத்தது.