மூடியோடு வந்தால் வரட்டும்

ஆற்றங்கரைப் பூங்காவில் நாங்கள் மூன்று குடும்பங்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட்ட கதையை என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அந்தக் கதையில் எனக்குப் பல வருடங்களாகச் சந்தேகம். காரணம் ஒன்றுதான். அதில் நான் புத்திசாலியாக வருகிறேன்.

"எல்லாம் இவரோட யோசனைதான்" என்று முடிப்பாள். கேட்டவர்கள் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். குனிந்த தலைக்குள் ஒரு குரல் கேட்கும்: இத்தனை வருடக் குடித்தனத்தில் உனக்கு வேறு என்ன யோசனை வந்திருக்கிறது, இது மட்டும் வருவதற்கு?

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் என் தயவில்தான் பஸ் நம்பர் படிக்கிறார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் மருந்துக்கடைக் கம்பவுண்டர். இன்னொருவன் ஸ்கூட்டர் மெக்கானிக். ஸ்பேனர் ஸ்பேனர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவன் சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான் உண்டு. ஒரு படைக்கே சோறு வடிக்கலாம். ஸ்பேனர் தன் பட்டறை ஆட்களுக்கு விருந்து வைக்க அதை இரவல் வாங்கிப் போனான். ஒரு மழை நாளில், நான் வீட்டில் தனியாக இருந்தபோது, திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் குண்டான் இருக்கிறது, மூடி இல்லை.

"குடுத்தனேடா" என்றான்.

"குடுக்கலடா" என்றேன்.

"அப்ப நான் திருடனா?"

"நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? மூடி எங்கன்னுதானே கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஜாடிக்கேற்ற மூடி என்று எங்கள் இருவரையும் ஊர் சொல்லும். அப்படிப்பட்ட நாங்கள் ஒரு மூடிக்காகப் பேச்சை நிறுத்தினோம். நாலு வருடம் ஓடிவிட்டது. அவன் பட்டறை வாசலைத் தவிர்க்க நான் மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன். அவன் வேறு கடையில் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டான். அதுவும் கோணல். இடது பக்கம் தூக்கி, வலது பக்கம் சரிந்து, காற்றில் ஆடும் பெயர்ப்பலகை மாதிரி. எதிரே வரும்போதெல்லாம் என் கை துறுதுறுக்கும். பிடித்து நேராக்கிவிடலாமா என்று தோன்றும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கோணல்தான் கண்ணுக்குள் நிற்கும்.

அப்போதுதான் ஒருநாள் கம்பவுண்டர் கடைக்கு வந்தான். கண் சோதனை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"முழங்கால் எப்படிடா இருக்கு?" என்றேன்.

"இருக்கிற இடத்தில இருக்கு. நான்தான் அதை விட்டுட்டு நடக்க முடியல."

"கண்ணு?"

"டாக்டருங்க எழுத்தையே படிச்ச கண்ணுடா இது. உன் எழுத்துப் பலகையெல்லாம் எனக்கு ஜுஜுபி." பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அடுத்த மாசம் பொண்ணு வீட்டோட போயிடறேன். ரெண்டு பேரும் தனியா இருக்க வேண்டாம்னு அவ ஒரே பிடிவாதம்."

கையிலிருந்த ஃபிரேமைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்தது.

"போறதுக்கு முன்னாடி எல்லாரும் வெளியில உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்டா. ஹோட்டல் வேண்டாம். ஆத்தங்கரைப் பூங்கால அடுப்பு மூட்ட விடறாங்களாம். ஆளுக்கு ஒண்ணு கொண்டுவருவோம்."

"சோறு என்னோடது" என்றேன்.

"முட்டையும் பழமும் நான். காய்க்குத்தான் மூணாவதா ஒரு ஆளு..."

"மூணாவது ஆளு கிடையாது."

"சரி, கிடையாது."

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். அவன் ஆயுசில் எதற்கும் உடனே ஒத்துக்கொண்டதில்லை. மணி பத்து என்றால் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்தாகப் போகுது" என்பவன்.

வீட்டுக்கு வந்து பிரகடனம் செய்தேன். "சோறு நானே வடிக்கப் போறேன். அன்னிக்கு நீ அடுப்புப் பக்கமே வரக்கூடாது."

என் மனைவி வீட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டாள்.

"ஸ்பேனர் அண்ணன்?"

"அவன் பேச்சே வேண்டாம்."

"வேண்டாம்தான். மூடியை அமுக்கிக்கிட்டவர்கூட நமக்கு என்ன சாப்பாடு." நூலைப் பல்லால் கடித்தாள். "ஆமா, மூடி இல்லாம எப்படிங்க வடிப்பீங்க?"

அதற்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை வைத்தேன். முதலில் சாப்பாட்டுத் தட்டால் மூடினேன். தட்டு சோற்றுக்குள் முங்கிக் குளித்தது. பெரிய தட்டு ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைத்தேன். குண்டான் தொப்பி போட்டதுபோல் இருந்தது. வடிக்கச் சாய்த்ததும் தொப்பி கழன்று காலில் விழுந்தது. அப்போது என் மூளை வேலை செய்தது. கடையில் வாடிக்கைக்காரர்கள் முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஓடிப்போய் எடுத்து வந்து வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அதில் என் முகம் வெற்றியோடு தெரிந்தது. ஆவி ஏறியது. முகம் மங்கியது. பிறகு படீரென்று என் முகம் மூன்று துண்டாகிச் சோற்றில் இறங்கியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உடைந்த கண்ணாடியை மறைக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.

"கண்ணாடிச் சோறு" என்றாள் என் மனைவி எட்டிப் பார்த்து. "கடை பேரைக் காப்பாத்திட்டீங்க."

பாத்திரக்கடைக்குப் போனேன். "மூடி மட்டும் தனியா விக்கிறதில்லீங்க. குண்டானோடதான் வரும்" என்றார் கடைக்காரர். புதுக் குண்டான் வாங்குவதா? வாங்கினால் மூடி போனது போனதுதான் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தேன்.

"நான் வேணா அவங்க வீட்டுக்குப் போய் மூடியை மட்டும் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள் மனைவி. "அண்ணனை வரச் சொல்ல வேண்டாம்."

"அது எப்படி? அவன்கிட்ட மூடியை வாங்கிச் சோறு வடிச்சிட்டு, ஆளைக் கூப்பிடலேன்னா நாலு பேர் காறித் துப்ப மாட்டாங்களா?"

"அதுவும் சரிதான். அப்ப அவர் பேச்சை விட்டுடுங்க. புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம்."

"தப்பு அவனோடது, தண்டனை எனக்கா?"

"அப்ப இந்தச் சாப்பாடே வேண்டாம். கம்பவுண்டர் அண்ணன் பாட்டுக்குக் கிளம்பிப் போகட்டும்."

"அவன் ஆசையா கேட்டான்."

"பின்னே என்னதாங்க பண்றது? எனக்கு ஒண்ணுமே தோணல."

அவளுக்குத் தோன்றாத இடத்தில் எனக்குத் தோன்றியது. இடி மின்னல் இல்லாத குறைதான். "மூடியோட வந்தா வரட்டும்" என்றேன். "மூடி இல்லேன்னா அவனும் வேண்டாம். எல்லார் முன்னாடியும் அவன் கையாலயே அதைத் தூக்கிட்டு வரணும். அதுதான் அவனுக்குத் தண்டனை."

மிஷின் நின்றது. "நல்ல யோசனைங்க. எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

மறுநாளே ஸ்பேனர் வீட்டுக்குப் போய்வந்தாள். ஒரு பெரிய துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். சீருடை கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அன்று காலை பால்கனி முழுக்கத் தண்ணீர் ஓடியிருந்தது. வீட்டில் எனக்கென்று உள்ள ஒரே வேலை, அங்கே இருக்கும் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று துணியால் துடைத்தேன்.

பூங்காவுக்கு ஸ்பேனர் வந்தான். மூடியைக் கேடயம்போல் கையில் பிடித்திருந்தான். தலைகுனிந்து வருவான் என்று எதிர்பார்த்தேன். போருக்குப் போய் ஜெயித்தவன்போல் வந்தான். திமிர் போகவில்லை பார் என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஜெயித்தவன் மாதிரிதான் நின்றேன். அவன் மூடியை வைத்தான். டங்கென்று உட்கார்ந்தது. மேலே பழுப்பாக ஒரு மண்கறை, வட்டமாக. நாலு வருடம் எந்த மூலையில் போட்டிருந்தானோ.

மரத்தடியில் மூன்று பெண்களும் காய் நறுக்கினார்கள். மூன்று பெண்கள், ஒரு சத்தமும் இல்லை. அதற்கும் நான் பயந்திருக்க வேண்டும். கம்பவுண்டர் முழங்காலை நீட்டிக்கொண்டு எங்களையே பார்த்தான். குண்டானுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஸ்பேனர். நடுவில் தண்ணீர் கொதித்தது.

"உப்பு போட்டியா?" என்றான். நாலு வருடத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை.

"போட்டேன்."

"பாத்தா போட்ட மாதிரி தெரியல."

"உன் கண்ணாடியில எதுதான் தெரியும்? கழட்டு."

கழற்றிக் கொடுத்தான். காதுக் கம்பியை வளைத்தேன். மூக்குப் பிடியை அழுத்தினேன்.

"எவன்டா இதை உன் மூக்குல மாட்டினான்? சுவத்துல ஆணி அடிக்கிறவனா?"

"நீ மாட்டல. எவனாவது மாட்டித்தானே ஆகணும்."

புகை கண்ணைக் கரித்தது. காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசியது. இருந்தாலும் புகைதான். அவன் மூக்கில் கண்ணாடியை வைத்து, தள்ளி நின்று பார்த்தேன். நேராக இருந்தது. சோறு குழைந்துபோயிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் எல்லாரும் சாப்பிட்டோம். அடுத்த மாதம் கம்பவுண்டரை ரயிலேற்ற நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம்.

இவ்வளவுதான் கதை. இதில் என்ன சந்தேகம் என்பீர்கள். சில வாரம் கழித்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, தொட்டிக்கு அடியில் சிவப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பார்த்தேன். புதுசு. முன்பு அங்கே என்ன இருந்தது? ஏதோ இருந்தது. தினமும் பார்த்தேன். என்னவென்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன் நான். கேட்கலாம் என்று வாயெடுப்பேன். வேண்டாம், ஒரே ஒரு கதையில்தான் புத்திசாலியாக இருக்கிறோம், அதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று மூடிக்கொள்வேன். இப்படியே வருடங்கள் போயின.

நேற்று டீக்கடையில் ஸ்பேனர் திடீரென்று ஆரம்பித்தான். "என்ன இருந்தாலும் உனக்குப் பெரிய மனசுடா."

"எதுக்கு?"

"மூடி உன் வீட்லயே கிடைச்சப்ப நீ மறைச்சிருக்கலாம். மறைக்காம எனக்கு அனுப்பி வச்சே பாரு. 'நேர்ல மன்னிப்புக் கேக்கக் கூச்சமா இருக்கு, அவனே ஜெயிச்ச மாதிரி தூக்கிட்டு வரட்டும்'னு சொல்லி விட்டியே. அதை நான் மறப்பனா?"

டீ என் சட்டையில் இறங்கியது. "ஆமாமா" என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டிருந்தது.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். "மூடி நம்ம வீட்லதான் இருந்துதா?"

"தினமும் அதுக்குத் தண்ணி ஊத்தினது நீங்கதானே."

"தொட்டிக்கு அடியில அதை வச்சது யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க. மழை நாள், வீட்ல ஒருத்தர்தான் இருந்தீங்க, தொட்டி ஒழுகியிருக்கு. விடுங்க."

விட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"செடிக்கு மண்ணு மாத்தினப்ப. கம்பவுண்டர் அண்ணன் ஊருக்குப் போறதை உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னார், அப்ப."

"அப்ப ஆத்தங்கரைச் சாப்பாடு அவன் யோசனை இல்லையா?"

"ஊருக்குப் போறது அவர் யோசனை. ஆத்தங்கரை நான் சொன்னது."

"என் வட்டக் கண்ணாடி உடையறதுக்கு முன்னாடியாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"அது உடையலேன்னா அதையே பூங்காவுக்குத் தூக்கிட்டு வந்திருப்பீங்க. அப்புறம் ஸ்பேனர் அண்ணன் எதுக்கு?"

"என்கிட்ட நேராச் சொல்லியிருந்தா நானே அவன்கிட்ட போய்..."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

"உங்களால முடியாதுங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. "மீன் மார்க்கெட் வழியா சுத்திச் சுத்தி வந்து, சாப்பிடாம உக்காந்திருப்பீங்க. எத்தனை நாள் பாக்கிறது?"

நூலைக் கடித்தாள்.

"சரி, இத்தனை வருஷம் மறைச்சதை இன்னிக்கு ஏன் ஒண்ணு விடாம சொல்றே?"

"அடுத்த வாரம் கம்பவுண்டர் அண்ணன் குடும்பத்தோட வர்றார். மறுபடியும் ஆத்தங்கரைதான். இந்தத் தடவையும் எல்லார்கிட்டயும் உங்க யோசனைன்னு சொல்லச் சொல்றீங்களா? எனக்கே வாய் வலிக்குது." துணியைத் திருப்பிப் போட்டாள். "சட்டையைக் கழட்டிக் குடுங்க, கறை காயறதுக்குள்ள அலசணும். ஸ்பேனர் அண்ணன் எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னாரா?"

பட்டனைக் கழற்றப் போன கை நின்றது. நான் உட்கார்ந்திருந்த முக்காலியைப் பார்த்தேன். அது வழக்கமாகச் சமையலறையில் இருப்பது. எனக்கு முன்பே வந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

"ஏம்மா" என்றேன். "இன்னிக்கு வந்து இதையெல்லாம் உன்கிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணிச்சே, இதாவது என்னோட யோசனைதானா?"