பானெட்டைத் திறக்காதே!

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையின் பின்பக்க மைதானத்தில் விடிந்தும் விடியாததுமாகக் கார்கள் வரிசை கட்டி நின்றன. முனகுகிற கார், இருமுகிற கார், புகை கக்குகிற கார், நாலு பேர் தள்ளிக்கொண்டே வந்த கார். எல்லாம் மூன்று கை, நாலு கை மாறி வந்தவை. மனிதர்களைக் குணப்படுத்த மகான்கள் வந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது கார்களுக்கே ஒரு மகான் வந்திருந்தார். எஞ்சின் மகான்!

மகான் பானெட்டைத் திறக்க மாட்டார். திறக்கவும் விட மாட்டார். மூடிய பானெட்டின் மேல் காதை வைப்பார். கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் அருள்வாக்கு வரும்.

"இதை முன்னே வச்சிருந்தவன் பெருமூச்சு விட்டுட்டு வித்திருக்கான். அந்த மூச்சு எஞ்சினுக்குள்ள கருப்பாப் படிஞ்சு கிடக்கு."

ஓடாத காரை எவன் பெருமூச்சு விடாமல் விற்றான்? அதை யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது.

பிறகு சீடர்கள் காரைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே 'ஒளித் தைலம்' ஊற்றுவார்களாம். சொந்தக்காரர் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்தப் பெருமூச்சு அவரையே பிடித்துக்கொள்ளுமாம். கால் மணி நேரத்தில் கார் வெளியே வரும். கடகடச் சத்தம் அடங்கியிருக்கும். டாஷ்போர்டில் எந்நேரமும் முறைத்துக்கொண்டிருந்த சிவப்பு எண்ணெய் எச்சரிக்கை விளக்கும் அணைந்திருக்கும்.

மகான் பணத்தைக் கையால் தொட மாட்டார். அப்பேர்ப்பட்ட துறவி. ஸ்டெப்னியை மட்டும் வாங்கிக்கொள்வார். "உபரி டயர் வச்சிருக்கிறவனுக்கு நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்பார். நம்பிக்கையுள்ளவர்கள் டிக்கியைத் திறந்து கழற்றிக் கொடுப்பார்கள். மகானின் மைத்துனர் பக்கத்து ஊரில் டயர் கடை வைத்திருந்தது தற்செயல்தான் என்று நாமும் நம்புவோமாக.

வரிசையில் பதினேழாவதாக நின்றவர் நம் ரொட்டிக்கடைக்காரர். நல்ல மனுஷர். மாவு பிசைவதில் புலி. மற்ற விஷயங்களில் அவரையே பிசைந்துவிடலாம். "ஒரே ஒரு டாக்டர் ஓட்டின வண்டி" என்ற ஒற்றை வரியில் மயங்கி அந்தக் காரை வாங்கியிருந்தார். எந்த டாக்டர், எண்ணெய் எப்போது மாற்றினார் என்று கேட்கத் தோன்றவில்லை. காலையில் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோக வேண்டும். அதைவிட முக்கியம், ஒன்பது மாதக் கர்ப்பிணியாக மகள் வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

முந்தின நாளே மனைவி சொல்லியிருந்தாள். அந்த அம்மாள் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். விரலில் எண்ணெயும் நாக்கில் முள்ளும் எப்போதும் இருக்கும்.

"ஏங்க, தையல் மெஷினுக்கே வாரத்துக்கு ரெண்டு சொட்டு விடணும். இதுக்கு எண்ணெய் மாத்தி எத்தனை வருஷமாச்சோ! பானெட்டைத் தெறந்து பாருங்க."

"தெறக்கக் கூடாதாம்."

"யார் சொன்னா?"

"மகான்."

"ஒருத்தன் பாக்காதேன்னு சொன்னா, அங்க பாக்க வேண்டியது ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ரொட்டி போடப் போகிற சாக்கில் நேரே மைதானத்துக்கு வந்துவிட்டார்.

கார் பூனை போலத் திரும்பி வந்தது. ஒன்பது நாள் சத்தமில்லை, விளக்கில்லை. ரொட்டிக்காரர் தெருவெல்லாம் மகான் புகழ் பாடினார். டிக்கி காலியாக இருந்ததை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலையில் மகளுக்கு வலி எடுத்தது. பின் சீட்டில் அம்மாவும் மகளும், முன்னால் அப்பா. ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் 'கடக்' என்றது. அவ்வளவுதான். கார் நின்ற இடத்தில் நின்றது. சாவியைத் திருப்பினார், கெஞ்சினார், உதைத்தார்.

"அப்பா, உங்க மகானை வந்து தள்ளச் சொல்லுங்க!" என்று அந்த வலியிலும் மகள் கத்தினாள்.

நல்லவேளை, பால் வண்டி ஒன்று வந்தது. கேன்களை ஒதுக்கி அவளை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

கார் கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. மெக்கானிக் எஞ்சினை வெளியே எடுத்து மேஜையில் வைத்து அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் இல்லை. தார் இருந்தது. கரண்டியால் வழித்தால் வந்தது, கவிழ்த்தால் விழவில்லை.

"வருஷக்கணக்கா எண்ணெய் மாத்தலை. காய்ஞ்சு சேறாகிப்போச்சு. எண்ணெயை உறிஞ்சுற சல்லடை அடைச்சுக்கிச்சு. இது பத்தாதுன்னு யாரோ பாகு மாதிரி எதையோ வேற ஊத்தியிருக்காங்க. சத்தத்தை அமுக்கும், எஞ்சினையும் சேர்த்து அமுக்கும். ஆமா, சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்குமே, பாக்கலையா?"

"அதைத்தான் மகான் அணைச்சிட்டாரே!"

மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்றினார். விளக்கு இருக்க வேண்டிய குழியில் பல்பே இல்லை.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே தெளிந்திருப்பார். ரொட்டிக்காரர் லேசில் விடவில்லை. "சீடன் எவனாவது பண்ணியிருப்பான். மகானுக்குத் தெரியாது" என்றார். குரலில் மட்டும் பழைய தெம்பு இல்லை.

மனைவி மேஜை மேல் இருந்த எஞ்சினைப் பார்த்தாள். வெறுங்கூடாக நின்ற காரைப் பார்த்தாள்.

"சரி. இந்தக் கூட்டை இழுத்துக்கிட்டு மகான்கிட்டயே போவோம். உள்ள எஞ்சின் இல்லைன்னு அவர் சொல்லிட்டா, நாளைக்கே நானும் சீடராயிடறேன்."

"தொட்ட உடனே சொல்லிடுவார், பாரு!"

மைதானத்து வரிசையில் எஞ்சின் இல்லாத காரின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. "பக்தியில தலை தூக்கி நிக்குது" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் உருகினார். மகான் வந்தார். பானெட்டில் காதை வைத்தார். ரொட்டிக்காரர், 'காலின்னு சொல்லிடுங்க மகானே! ஒரே ஒரு வார்த்தை!' என்று மனசுக்குள் மன்றாடினார்.

மகான் கண்ணைத் திறந்தார். "எஞ்சின் அழுகிறது. நாலு சிலிண்டர்ல மூணு முனகுது, ஒண்ணு விக்கி விக்கி அழுது."

"நல்லாக் கேளுங்க ஐயா. எஞ்சின் உள்ளேதான் இருக்கா?" என்றாள் மனைவி.

"பின்னே எங்கேம்மா போகும்?"

ரொட்டிக்காரர் காருக்குள் கையை விட்டுக் கம்பியை இழுத்தார். "திறக்காதே!" என்று மகான் அலறுவதற்குள் பானெட் மேலே போனது.

உள்ளே மைதானத்துப் புல் தெரிந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. அதில் ஒரு பக்தர், "ஆகா! எஞ்சினையே மறைய வச்சிட்டாரே!" என்று கை தட்டினார். மகான் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஆமாம்! பெருமூச்சோடு சேர்ந்து..."

"அப்போ திருப்பி வரவழைங்க. நாங்க நிக்கிறோம்" என்றாள் மனைவி. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ரெண்டாந்தரம் வந்தவங்க எல்லாரும் சாவியை மட்டும் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிவப்பு எண்ணெய் விளக்கு எரியணும். எரியுதா?"

ஆறு பேர் திருப்பினார்கள். ஒன்றிலும் எரியவில்லை. புதிதாக வந்தவர்கள் திருப்பினார்கள். அத்தனையிலும் பளிச்சென்று எரிந்தது.

"விளக்கு அணையலை. பல்பைப் பிடுங்கியிருக்காங்க. ஆபத்துன்னு சொல்ற வாயைப் பொத்திட்டு, ஆபத்து போயிடுச்சுன்னு சொல்லியிருக்காங்க!"

கூட்டம் திரையைக் கிழித்தது. பின்னால் ஒரு டப்பா நிறைய பல்புகள், ஆள் உயரத்துக்கு டயர்கள். சீடர்கள் சுவரேறிக் குதித்தார்கள். மகான் தன் பளபளக்கும் காரை நோக்கி ஓடினார். கதவைத் திறந்தவர் கையை ரொட்டிக்காரர் பிடித்துக்கொண்டார். மாவு பிசைந்த கை, விடவில்லை. அப்போதுதான் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டு அவர் கண்ணில் பட்டது. ஒரு சர்வீஸ் நிலையத்தின் சீட்டு. அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"எண்ணெய் மாற்றியது, போன மாதம். வடிகட்டி மாற்றியது, போன மாதம். அடுத்த முறை தவறாமல் வரவும்."

தவறாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார்! ஊரார் காரையெல்லாம் காதால் குணப்படுத்திய மகான், தன் காருக்கு மட்டும் மெக்கானிக்கைத்தான் நம்பியிருக்கிறார்.

எஞ்சினைக் கழுவ ஆள் வேண்டுமென்றால் நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மூளையைக் கழுவுகிறவர்களோ நம்மைத் தேடி ஊர் ஊராக வருகிறார்கள். அடுத்த ஊரில் இந்நேரம் ஒருவன் திரை கட்டிக்கொண்டிருப்பான். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். போகும்போது உள்ளே மூளை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்!