வெட்டி எறிந்த வயிற்றின் ஆவி

பச்சைத் தேயிலைக் கொழுந்து கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு விழுந்து கிடந்த வருஷத்தில், பந்தலூர்ப் பக்கம் மனிதக் கொழுப்பு கிலோ நூறு ரூபாய்க்கு ஏறியிருந்தது. விலை வைத்தவர் தராசுச் சித்தர்.

மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் எடைக் கொட்டகைதான் அவருடைய ஆசிரமம். கொழுந்து நிறுத்த பழைய மேடைத் தராசும் அங்கேயே இருந்தது. செவ்வாய், வெள்ளிகளில் ஜீப் ஜீப்பாகக் கூட்டம் வந்து இறங்கும். ஊட்டியிலிருந்துகூட பஸ் பிடித்து வந்தார்கள். பத்தியம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம். ஒரே மணி நேரத்தில் மூன்று கிலோ, நான்கு கிலோ போய்விடும். படித்த டாக்டர்களெல்லாம் மலையிறங்கிப் போய் வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான்!

முறை எளிது. பக்தை வந்த கோலத்திலேயே, ஸ்வெட்டரும் சால்வையுமாக, ஏழு குடம் தீர்த்தத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு தராசில் ஏற வேண்டும். அது ‘பாவ எடை’. அப்புறம், “பாவத்தைக் கழற்று!” என்று சித்தர் கட்டளையிடுவார். ஸ்வெட்டரையும் சால்வையையும் கூடையில் போட்டுவிட்டு ஹோமத் தீயருகே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். மறுபடியும் தராசு. அது ‘புண்ணிய எடை’. இடையில் குறைந்ததற்குக் கிலோவுக்கு நூறு ரூபாய் காணிக்கை. அடுத்த வாரம் வந்தால் பழைய எடையே திரும்பி நிற்கும்.

“ஊட்டுல கிழங்கு தின்னியா மகளே?” என்பார் சித்தர்.

தின்றிருப்பாள். மரவள்ளிக் கிழங்கு தின்னாதவள் அந்தத் தோட்டத்து லயன் வீடுகளில் யார்? ஆகவே பழி கிழங்கின் மேல் விழுந்தது. சித்தர் மேல் தூசுகூட விழவில்லை.

கொழுந்து பறிக்கும் இந்துமதிக்கு வந்தது வேறு சிக்கல். நூற்றுப் பதினெட்டு கிலோவோடு மேடு ஏற முடியாமல், போன வருஷம் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்துகொண்டு வயிற்றில், அதாவது இரைப்பையில், முக்கால் பாகத்தை எடுத்துவிட்டாள். எழுபத்து நாலுக்கு இறங்கினாள். அங்கேயே நின்றாள். மூன்று மாதமாக எடை நகரவில்லை. முடி கொட்டியது, நாலு படி ஏறினால் கண் இருட்டியது.

“இப்போதைக்கு இதுக்கு மேல குறைக்க வேண்டாம்மா. முட்டை, பயறு, மாத்திரை. ரத்தம் ஏறட்டும், அப்புறம் பேசலாம்” என்றார், ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டரம்மா.

சித்தரிடம் வாராவாரம் போய்வரும் பக்கத்து வீட்டு ராஜகுமாரி ஒத்துக்கொள்ளவில்லை. “ஏன்டி இந்து, அம்புட்டுப் பெரிய ஆபரேசன் பண்ணிட்டு எழுபத்து நாலுலயா நிப்ப? ஊட்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு பாதி வழியில பைக்காராவுல எறங்குன மாதிரி!”

இந்துமதி தின்பதையும் எடையையும் தினமும் நோட்டில் குறித்துவைப்பவள். குறித்ததும், தப்பாகக் குறித்தோமோ என்று சந்தேகப்படுபவள். எடை நின்றதும் தன் குற்றமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ராஜகுமாரியோடு சித்தரிடம் போனாள்.

சித்தர் கண்ணை மூடினார். “வெட்டி எறிஞ்ச வயிறு எங்க மகளே?”

“தெரியலைங்க சாமி. ஆஸ்பத்திரியிலயே...”

“அது ஆவியா அலையுது! முக்கால் வயிறு, முழுப் பசி! திரும்பி வந்து உனக்குள்ள உக்காந்திருக்கு. முட்டையை நிறுத்து, மாத்திரையை நிறுத்து. நாப்பத்தெட்டு நாள் எலுமிச்சைத் தண்ணி மட்டும். ஆவி பட்டினி தாங்காம ஓடும்.”

ஆவி ஓடவில்லை. நாலாம் நாள் இந்துமதிதான் கொழுந்துக் கூடையோடு சரிந்தாள்.

“பாத்தியா, ஆவி ஆட்டுது!” என்றாள் ராஜகுமாரி.

இந்துமதி கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தபடி யோசித்தாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார். சாமி எதைச் சோதித்துச் சொன்னார்?

வெள்ளிக்கிழமை இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஜீப்பில் போட்டுக்கொண்டு சித்தர் முன் போய் நின்றாள். “சாமி, தராசைச் சரிபாத்துக்கட்டுங்களா?”

கூட்டம் முறைத்தது. சித்தர் சிரித்தார். “போடு மகளே.”

முள் சரியாக இருபத்தைந்தில் நின்றது. கூட்டம் கைதட்டியது. “முப்பது வருசம் நம்ம கொழுந்தை நிறுத்த தராசுடி!” என்றாள் ஒருத்தி. அந்த முப்பது வருஷமும் அதே தராசை வாய் ஓயாமல் சபித்தவள் அவள். இந்துமதிக்குக் காது சுட்டது. வழக்கம்போல் தப்பு தன்னுடையதுதானோ?

அடுத்து ராஜகுமாரி. ஏழு குடம் வாங்கி, நடுங்கிக்கொண்டே ஏறினாள். தொண்ணூற்றொன்று. மேடையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இந்துமதி அந்தச் சொட்டுகளையே பார்த்தாள். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? கூடைக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிப்பார். அதற்காக இதே ராஜகுமாரி அவருடைய ஏழு தலைமுறையையும் வரிசையாக நிறுத்தித் திட்டுவாள்.

ஒரு மணி நேரம் கழித்து முள் எண்பத்தேழில் நின்றது.

“நாலு கிலோ பாவம் போச்சு!” என்றார் சித்தர். அரோகரா எழுந்தது.

“சாமி...” இந்துமதி தராசருகே வந்தாள். “நான் நினைக்கிறது தப்பாக்கூட இருக்கலாமுங்க. அக்காவோட பாவத்தை ஒருக்கா நிறுத்துப் பாக்கலாமுங்களா?”

“பாவத்தை எப்படி மகளே நிறுக்க முடியும்?”

“முடியுமுங்க. கூடையிலதான் கெடக்கு.”

ஈர ஸ்வெட்டரையும் சால்வையையும் அள்ளித் தராசில் போட்டாள். முள் மூன்றரையில் நின்றது.

“மிச்சம் அரைக் கிலோ எங்கடி?” என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள் ராஜகுமாரி.

“அது சேலையில இருந்த தண்ணி, அக்கா. தீயில காஞ்சு போச்சு.”

ராஜகுமாரி தராசு முள்ளைப் பார்த்தாள், காலிக் கூடையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்ப ஆறு வாரமா நான் காணிக்கை கட்டுனது... என் ஸ்வெட்டருக்கா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தர் எழுந்தார். “தெய்வத்தைச் சோதிக்காதே!”

“தெய்வத்தைத் தொடவேயில்லைங்க. ஸ்வெட்டரைத்தான் நிறுத்தேன்.”

“சாமி, இப்ப காஞ்ச துணியோட நிக்கிறேன்” என்று ராஜகுமாரி இடுப்பில் கை வைத்தாள். “தண்ணி ஊத்தாம ஒரே ஒரு கிலோ குறைச்சுக் காட்டுங்க, பாப்போம்!”

சித்தருக்கு அந்த நிமிஷமே மௌன விரதம் தொடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் கேரளாவுக்கு ஜீப் ஏறிவிட்டார். அங்கேயும் ஸ்வெட்டர் போடுகிற ஊராகப் பார்த்துத்தான் இறங்கியிருப்பார்.

திரும்பும் வழியில் ராஜகுமாரிக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. “அவன் போறான். ஆனா அந்த ஆவி?”

“முக்கால் வயிறு உள்ள வந்து உக்காந்தா அரைக் கிலோவாவது ஏறணுமில்லக்கா? மூணு மாசமா எழுபத்து நாலுதான். எடையே இல்லாத ஆவிக்கு நான் எதுக்குப் பட்டினி கெடக்கணும்?”

வீட்டுக்குப் போனதும் முட்டை அவித்தாள். பயறு ஊறப்போட்டாள். இன்னும் குறைப்பதா, போதுமா என்பதை அடுத்த மாத ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டரம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்வது என்று எழுதிவைத்தாள்.

வயிற்றைச் சின்னதாக்க டாக்டர் வேண்டும், கத்தி வேண்டும், மயக்க மருந்து வேண்டும். மூளையைச் சின்னதாக்க ஏழு குடம் தண்ணீரே போதும். தலையைத்தான் நாமே குனிந்து கொடுத்துவிடுகிறோமே!