வாசலில் நின்ற புதுக்கடையார்

கொழும்பு மாநகரில் பக்தனுக்கும் பரமனுக்கும் நடுவே புதுக்கடையாரைப்போல இடைஞ்சலாக நின்ற மனிதர் வேறொருவர் இருந்ததில்லை. சாத்தான்கூட ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு அவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்திருக்க மாட்டான்.

அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் கோயில் பதிவேட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் புதுக்கடையார்தான். கோர்ட்டுகள் நிறைந்த புதுக்கடையில், புரொக்டர் என்று நாங்கள் சொல்லும் வக்கீல் ஒருவரிடம் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்தவர். வழக்குக் கொண்டுவருபவர்களிடம் முதலில் உண்மையைக் கறந்தெடுப்பது அவருடைய வேலை. "கட்சிக்காரன் நீதவானுக்குப் பொய் சொல்லலாம். எதிராளிக்கும் சொல்லலாம். எங்களுக்குச் சொல்லப்படாது" என்பார். அந்தத் தொழில் புத்தியை ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தச் சின்னத் தமிழ் வேதக்கோயிலில், வாசலில் நின்று கீர்த்தனைப் புத்தகம் கொடுக்கும் பொறுப்பை யாரோ ஒரு போதகர் அவரிடம் ஒப்படைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். பின்னால் வந்த போதகர்கள் எவராலும் அதைப் பிடுங்க முடியவில்லை. வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குடை, கையில் புத்தகக் கட்டு. நீட்டிய கையில் புத்தகத்தை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

"ஏன் வந்தனீர்?"

உண்மை சொன்னால் போதும், எவ்வளவு கேவலமான உண்மையும் செல்லுபடியாகும். முகத்துவாரத்து மீன்கார அம்மா ஒருத்தி, "மகனுக்கு ஹாபரிலை ஒரு வேலை கிடைக்கோணும் ஐயா, அதுக்குத்தான்" என்பாள். "உண்மை. இந்தாங்கோ" என்று கொடுத்துவிடுவார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "மாமியார் வந்து நிக்கிறா. வீட்டிலை இருக்கேலாது" என்பார். "உண்மை. முன் வாங்கிலை இடமிருக்கு" என்று வழி காட்டுவார். "ஆண்டவரைத் தேடி வந்தனான்" என்று கண்ணைச் சொருகிக்கொண்டு சொல்பவர்கள்தான் வசமாக மாட்டிக்கொள்வார்கள். "எங்கை துலைச்சனீர்?" என்று தொடங்கிவிடுவார். செட்டித்தெருவில் கடை வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர் ஆசீர்வாதம் சொல்லி முடியும்வரை வாசலிலேயே மறுமொழி சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் பிறப்பால் சைவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த அரசாங்கக் கிளாக்கர். அந்தக் கோயிலில் ஹார்மோனியம் வாசித்த நேசம் என்ற பெண்ணை ஒரு பள்ளிக்கூட விழாவில் கண்டு, புத்தி பேதலித்துப் போயிருந்தேன். அவளுடைய தகப்பனார் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். "ஞானஸ்நானம் எடுக்காத ஆளுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கன்." ஞானஸ்நானம் எடுப்பதென்றால், வந்தவனின் நோக்கத்தை விசாரித்து ஒரு கோயில் மூப்பர் நற்சாட்சி எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கோயிலில் விசாரிக்கும் வேலை யாரிடம் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் ஞாயிறு. பவுடர் பூசி, பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஏன் வந்தனீர்?"

"ஆண்டவரைத் தேடி, ஐயா."

"எங்கையிருந்து?"

"வெள்ளவத்தையிலையிருந்து."

"வெள்ளவத்தையிலை கோயில் இல்லையோ?"

"இருக்கு ஐயா."

"அங்கை ஆண்டவர் இல்லையோ?"

நான் பைபிளை இன்னும் இறுக்கி அணைத்தேன். "ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர். வழியிலை எத்தினை கோயில்! எல்லாத்தையும் தாண்டி இஞ்சை இருக்கிற ஆண்டவர்தான் வேணுமோ?" என்றார். புத்தகம் தரவில்லை. உள்ளே போய் வெறுங்கையோடு நின்று வாயை மட்டும் அசைத்தேன். ஹார்மோனியத்தின் பின்னாலிருந்து நேசம் என் கையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இப்படியே ஏழு ஞாயிறு.

இதற்கிடையில் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனான். கொட்டாஞ்சேனையில் பாதிப்பேர் ஊருக்கு ரயிலேறினார்கள். மீதிப்பேர் அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்தார்கள். வரிசை றோட்டுவரை நீண்டது. "ஏன் வந்தனீங்கள்?" "குண்டுக்குப் பயந்து." "நீர்?" "குண்டு." "நீங்கள்?" "நானும் அதுதான் ஐயா." புதுக்கடையார் முகம் மலர்ந்து, கேட்ட கையோடு கொடுத்துத் தள்ளினார். என் முறை வந்தது. ஒரு சொல், ‘குண்டு’ என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். பழக்கதோஷம், "ஆண்டவரைத் தேடி" என்று வந்துவிட்டது. கொழும்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்த அந்த நாளிலும் எனக்கு மட்டும் புத்தகம் இல்லை.

பிறகு அரிசி தட்டுப்பாடு வந்து, கோயிலில் ஆராதனை முடிய ஏழைகளுக்குப் பேக்கரிப் பாண் கொடுத்தார்கள். கூட்டம் பெருகியதில் போதகருக்கு மனவருத்தம். அப்பம் தின்று திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு ஜனங்களிடம் சொன்ன இடத்தை எடுத்துச் சூடாகப் பிரசங்கித்தார். வாசலிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"போதகர் ஐயா, ஒரு விளக்கம். அவர் அப்பிடிச் சொன்னது முதல்லை சாப்பாடு குடுத்த பிறகுதானே?"

போதகர் வேதத்தில் அந்த இடத்தைப் புரட்டிப் பார்த்தார். "குடுத்த பிறகுதான்" என்று ஒப்புக்கொண்டு, அடுத்த கீர்த்தனைக்குப் போய்விட்டார்.

நானும் என் பங்குக்கு ஒரு தந்திரம் செய்தேன். என் பைபிள் கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருந்தது. இரவு பகலாக வாசித்த தோற்றம் வரட்டும் என்று, தாள்களின் ஓரத்தில் தேத்தண்ணி தடவி வெயிலில் காயவைத்தேன். நன்றாகப் பழுப்பேறிவிட்டது. பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். புதுக்கடையார் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"தம்பி, காணி உறுதிப் பத்திரம் பழசாக்கிற கள்ளன் எத்தினை பேரைப் புதுக்கடையிலை பாத்தனான். அவங்கள் வெறுந்தேத்தண்ணிதான் பூசுவாங்கள். நீர் பாலும் சீனியும் போட்டிருக்கிறீர்."

சொல்லி வாய் மூடவில்லை, ஆதியாகமத்திலிருந்து வரிசையாக எறும்பு இறங்கிவந்தது.

அந்தக் கிழமைதான் நேசத்தைப் பார்க்க ஒரு மாப்பிள்ளை வரப்போவதாகச் செய்தி கிடைத்தது. பரம்பரை வேதக்காரன், குழந்தையிலேயே ஞானஸ்நானம் எடுத்தவன், டாக்குத்தர் வேறு. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை பவுடரும் இல்லாமல் பைபிளும் இல்லாமல் போய் நின்றேன்.

"ஏன் வந்தனீர்?"

"நேசத்துக்காக" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே ஹார்மோனியம் நின்றுபோனது.

"உண்மை" என்றார் புதுக்கடையார். என் கையில் முதல்முறையாகப் புத்தகத்தை வைத்தார்.

அன்று ஆராதனை முடிந்ததும் நற்சாட்சி எழுதினார். அது எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘இவர் ஆண்டவரைத் தேடி வந்தவர் அல்லர். பெண்ணைத் தேடி வந்தவர். கேட்டபோது, காலம் தாழ்த்தியாயினும், ஒப்புக்கொண்டார். மேற்படி ஆண்டவர் இவரைத் தேடி வருவதாயின் இவரை இந்தக் கோயிலில் வைத்திருப்பது வசதி என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.’ போதகர் அதை மூன்றுதரம் வாசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். நேசத்தின் தகப்பனார் சிரிக்கவில்லை. ஆனால் டாக்குத்தரை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

ஞானஸ்நானத்தன்று காலை வெள்ளை உடுப்போடு வந்தேன். ஆராதனை தொடங்கும் நேரத்திலும் அவர் வாசற்படியிலேயே நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதங்களில் அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"ஐயா, நீங்கள் ஏன் வாறனீங்கள்?" என்று கேட்டேன்.

குடையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார்.

"அதுதான் தம்பி தெரியேல்லை. கன வருஷமா என்னையே கேட்டுப் பாக்கிறன். சொல்லுற மறுமொழி ஒண்டையும் என்னாலை நம்பேலாமல் கிடக்கு. காரணம் தெரியாமல் எப்பிடி உள்ளுக்குப் போறது?"

"அதுக்குத்தான் வாறவை எல்லாரையும் கேக்கிறனீங்களோ?"

"ஆராவது எனக்குச் சரிவாற ஒரு மறுமொழி சொல்லமாட்டினமோ எண்டுதான்" என்றார்.

அவருடைய கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி அவரிடமே நீட்டினேன்.

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வரேல்லை ஐயா. கோவம். பக்கத்திலை நிக்க எனக்கு ஆளில்லை. நீங்கள் வாங்கோ."

கட்சிக்காரனைப் பார்ப்பதுபோல என் முகத்தில் பொய்யைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"உண்மை" என்றார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். கிழவிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேசம் தப்பான கட்டையில் விரலை வைத்தாள். அவர் என் பக்கத்தில் நின்று, ராகம் கிட்டவும் வராத குரலில், எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார்.

அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நேசத்தோடு இன்றும் கோயிலுக்குப் போகிறேன். வாசலில் ஒரு பிள்ளை ஒன்றும் கேட்காமல் சிரித்தபடி புத்தகம் தருகிறது. ‘ஏன் வந்தனீர்?’ என்பதற்கு அவர் நம்பக்கூடிய ஒரு மறுமொழி என்னிடம் மெதுவாகத்தான் சேர்ந்தது. இப்போது இருக்கிறது. அதை அந்த மனுஷனுக்குச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஆசையாக இருக்கிறது.