இஃப்ராவைக் கொலம்பஸுக்கு அனுப்புவது சம்பந்தமாக

மினியாபொலிஸ்,
ரமலான் பாதி

மதிப்புக்குரிய உபாஹ் அக்காவுக்கு, தம்பி லிபானின் சலாம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக நோன்பு நோற்று வருவீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்ல நாவும் எழவில்லை.

விஷயம் இதுதான். நம் இஃப்ரா நோன்பு நாளில் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறாள். பதினைந்து வயசுப் பெண். விடியுமுன் சஹருக்கு எழுந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாள். இதில் கொடுமை என்னவென்றால், நோன்புப் பிள்ளைகளுக்கு வசதி செய்யச் சொல்லி அந்தப் பள்ளியைக் கேட்டதே நான். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "எங்க பிள்ளைங்களை பீட்சா வாசனைக்கு நடுவுல உட்கார வைக்காதீங்க"ன்னு பேசினேன், எல்லாரும் கைதட்டினாங்க. லிண்ட்குவிஸ்ட் டீச்சர் இருக்காங்களே, இடம் கேட்டவனுக்கு மடத்தையே எழுதிக் கொடுக்கிற மனுஷி. நூலகத்துப் பக்கத்தில் தனி அறை, தொழ விரிப்பு, ஓட்டப் பயிற்சிக்கு விலக்கு. தன் காப்பியைக்கூட வெளியே பனியில் நின்று குடிக்கிறாராம், பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதென்று.

அந்த டீச்சர்தான் திங்கட்கிழமை கூப்பிட்டார். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேசினேன். "மிஸ்டர் லிபான், மன்னிச்சுக்குங்க. இஃப்ரா மறதியா ரொட்டியைக் கடிச்சுட்டா. நல்லவேளை, பாத்து கையிலேருந்து வாங்கிட்டேன். மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாதாமே, கவலைப்படாதீங்க." எனக்கே மார்க்கம் சொல்லித் தேற்றினார், நானும் நன்றி சொன்னேன். மறுநாள் வாழைப்பழம். "அதையும் தடுத்துட்டேன்"னார். இன்னைக்கு கழிப்பறையில் ஒளிஞ்சு சாக்லேட். தினம் தினமா அக்கா மறதி வரும்? போனுக்கு சார்ஜ் போட ஒருநாளும் மறக்கலையே?

"ஏம்மா இப்படி?"ன்னு கேட்டேன். "அம்மாகிட்ட கேளுங்க"ன்னு அழுதுகிட்டே கதவைச் சாத்திட்டா. ஹோதானைக் கேட்டால், நோன்பு திறக்க வந்த நம்ம தம்பிங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்காங்கன்னு கண்ணைக் காட்டினா. "என்னடி?"ன்னேன். "பஸ்ல உங்களுக்கு முன்னாடி அவ்வளவு பெரிய கண்ணாடி, ஆனா ஒண்ணும் தெரியறதில்ல"ன்னு சமையலறைக்குப் போயிட்டா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. மகள் கெட்டுப்போனாளா, பள்ளி கெடுத்ததா, நான்தான் சரியா வளர்க்கலையா?

ஆகவே அக்கா, இஃப்ராவை உன்னிடம் அனுப்புகிறேன். அங்கேயே படிக்கட்டும். அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பிடிக்கவில்லை, ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. உங்கள் நோன்பையும் துஆவையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. மச்சானுக்கு என் சலாம்.

உன் தம்பி
லிபான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹோதான் வாங்கிப் படித்துவிட்டாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, "அவளுக்கு மாதவிடாய். இந்த நாள்ல நமக்கு நோன்பே கிடையாது, பின்னாடி வச்சு ஈடு கட்டணும். இதுகூடத் தெரியாதா?" என்றாள். தெரியும் அக்கா. ஹோதானுக்கு என்று தெரியும். இஃப்ராவுக்கு என்று தோணவே இல்லை, எனக்கு அவ இன்னும் சின்னப்பிள்ளை. வயித்து வலியோட இருந்தவளை நானும் அந்த டீச்சரும் சேர்ந்து பட்டினி போட்டிருக்கோம். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு, அவள் எங்கேயும் வரவில்லை. நாளைக்கு ஹோதான் பள்ளிக்குப் போய்ப் பேசுவாள். நான் போனால் இன்னும் நாலு வசதி கேட்டுத் தொலைப்பேனாம்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. சூடாக நாலு சம்பூசாவைத் தட்டில் எடுத்துப்போய் அவள் கதவைத் தட்டினேன். தட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சித்தப்பாங்க இந்தப் பக்கம் வந்துடப் போறாங்க, அப்பா" என்றாள். அவள் தின்று முடிக்கிறவரை வாசலில் காவல் நின்றேன். நின்றபோதுதான் யோசித்தேன். ஐந்து அக்காமார் இருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ரமலான் பகலில் உங்களில் ஒருத்தி ஒரு வாய்கூடச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நீங்களெல்லாம் எங்கே போய்ச் சாப்பிட்டீர்கள், அக்கா?