தழை போட்டு மெட்ராஸ் பார்த்தது

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதை யாரிடமும் மறைத்ததில்லை. வழி தெரியவில்லை என்பதை மட்டும் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இன்று போளூரில் எனக்கிருக்கும் புளி மண்டி, லாரிகள், மாடி வீடு எல்லாம் நானே சம்பாதித்தவை. (மாடிப்படி மட்டும் கொத்தனார் யோசனை. என் யோசனைப்படி கட்டியிருந்தால் சுவரில் போய் முட்டியிருக்கும்.)

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், என் மனைவி காசியம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கடலைப் பார்க்க வேண்டும். இருவரும் ஜவ்வாது மலையில் பிறந்தவர்கள்.

"மெட்ராஸா? அது எனக்கு நம்ம வூட்டுக் கொல்லை மாதிரி" என்றேன். அதற்கு முன் ஒரே ஒரு தடவை புளி லாரியில் கொத்தவால் சாவடிச் சந்தைக்குப் போய், மூட்டையை இறக்கிவிட்டு, அதே லாரியில் தூங்கிக்கொண்டே திரும்பியிருந்தேன்.

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காசியம்மா கடைக்குக் கடை நின்றாள். வளையல், பிளாஸ்டிக் குடம், கூண்டுக்கிளி. எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ பாத்துக்கினே மெதுவா வா. நான் முன்னால தழை போட்டுக்கினே போறேன்."

எங்கள் மலையில் முன்னே போகிறவர், பாதை பிரியும் இடத்தில், போகக்கூடாத வழியில் பச்சைத் தழையைப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருபவர் அதை விட்டு மற்ற வழியில் வருவார்.

"இங்க ஏதுங்க தழை?" என்றாள்.

பூக்கடையில் ஒரு கட்டு வேப்பந்தழை வாங்கினேன். சந்துக்குச் சந்து ஒரு கொத்து வைத்தேன். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் வெளியே வந்தார்.

"யோவ், என் கடை வாசல்ல இன்னா சூனியம் வெக்கிற?"

"வழிங்க. என் வூட்டுக்காரிக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தம்மா இந்நேரம் தப்பிச்சி ஓடியிருக்கும்" என்று சொல்லி, தழையைக் காலால் தள்ளிவிட்டார். நான் இன்னொரு கொத்தை வைத்துவிட்டு நடந்தேன்.

கடைசியில் வந்து சேர்ந்தது கடல் இல்லை, ஒரு பூங்கா. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அப்படி ஒரு அமைதி, நிழல், குளிர்ந்த காற்று. காசியம்மா வரட்டும் என்று மரத்தடியில் சாய்ந்தேன்.

விழித்தபோது நிழல் நீண்டிருந்தது. அவள் வரவில்லை. வந்த வழியே ஓடினேன். ஒரு தழைகூட இல்லை. கடைசிக் கொத்தை ஒரு மாடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. கரடிக்கே பயப்படாதவன் நான். (அது தூரத்தில் போனது, அது வேறு.) அன்று நடுத்தெருவில் அழுதேன். ரிக்‌ஷாக்காரர் ஒருவரிடம், ஆயுளில் முதல் தடவையாக, பஸ் நிலையத்துக்கு வழி கேட்டேன்.

இறங்கிய அதே இடத்தில் காசியம்மா உட்கார்ந்திருந்தாள். புடவைக்கரை ஈரம். மடியில் கிளிஞ்சல்.

"எங்க போன நீ?"

"கடலுக்கு. தழையக் காணம். பூக்காரம்மா ஒருத்தரக் கேட்டேன். நானும் அங்கதான் விக்கப் போறேன், வாம்மான்னு கூட்டிக்கினு போச்சு. நீங்க எங்க போனீங்க?"

"உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன்."

என் முதுகில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள். ஊருக்குக் கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் சொன்னாள். "அலை கால்ல பட்டதும் சிரிப்பு அடங்கலைங்க. நீங்க வந்துட்டீங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

பிறகு சொந்த லாரியில் எத்தனையோ தடவை அவளைக் கடலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்போம். அவள் கடலைப் பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். முன்பே பார்த்த ஒன்றைப் பார்க்கிற முகம்தான் அது.

இப்போதும் பேரப்பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். அவள் திரும்பிப் பார்த்த இடம் வந்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள்.

"அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த தாத்தா?"

"தூங்கிக்கினு இருந்தேன்டா."

வீடே சிரிக்கும். காசியம்மாவும் சிரிப்பாள். அன்றைக்கு அலையில் சிரித்ததும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது.