முஸ்தாக்கின் பதினேழாவது நேரசூசி

படிக்கிற மாணவரை நீங்கள் அறிவீர்கள். படிக்காத மாணவரையும் அறிவீர்கள். அவரை ஊரே அறியும். இந்த இரண்டிலும் சேராமல், கல்முனைக் கரையோரத்தில் கடற்காற்றையும் பிளேன்டீயையும் குடித்துச் செழித்து வளர்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: நேரசூசிக்காரர். இவர் படிக்கமாட்டார். படிப்பை ஒழுங்குபடுத்துவார்.

இவரை அடையாளம் காண்பது கடினமா? இல்லவே இல்லை. மேசையைத் துடைத்து, பென்சில்களைச் சீவி, புத்தகங்களை உயரவாரியாக அடுக்கி, ஃபேனின் தூசியைத் தட்டி, நகத்தையும் வெட்டிக்கொண்டு, ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பார். நாலு ஏழு. நாலு ஏழுக்கு யாராவது படிப்பைத் தொடங்குவார்களா? நாலரை வரட்டும் என்று போனை எடுப்பார். நிமிரும்போது நாலு முப்பத்தொன்பது. சரி, ஐந்து.

சாய்ந்தமருது முஸ்தாக் இந்த இனத்தின் சுல்தான். கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு முறை தோற்றி, இரண்டு முறையும் சறுக்கியவன். மூன்றாம் முறையோடு பல்கலைக்கழகத்தின் கதவு அடைபட்டுவிடும். அப்படி அடைபட்டால், கத்தாரில் இருக்கும் சாச்சா விசா எடுத்து வைத்திருக்கிறார். வாப்பா அச்சிமுகம்மது வயல் வேலைக்கு நடுவில் இரண்டு முறை போன் பண்ணி அதை உறுதிப்படுத்தியும் விட்டார். பாலைவன வெயிலில் பைப் பொருத்துவதா, பொறியியல் பீடத்தில் உட்காருவதா? முஸ்தாக் கடைக்கு ஓடினான். பிரிஸ்டல் போட் அட்டை ஒன்று, ஹைலைட்டர் ஆறு நிறம்.

ஐந்து வக்துத் தொழுகையை அச்சாணியாக வைத்து அவன் கீறிய நேரசூசியின் அழகைச் சொல்லி முடியாது. சுபஹுக்குப் பின் இணைந்த கணிதம், அஸருக்குப் பின் இரசாயனவியல், மஃரிபுக்குப் பின் பௌதிகவியல். பார்க்க நிந்தவூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அக்கரைப்பற்று பஸ் அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் மெதுவாகப் போனது என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் சூரியன் முஸ்தாக்கைக் கேட்டா மறைகிறது? இரண்டு வாரத்தில் மஃரிப் ஐந்தாறு நிமிடம் நகர்ந்துவிடும். பௌதிகவியலும் கூடவே நகரும். அது இராச் சாப்பாட்டில் போய் இடிக்கும். உடனே புதிய போட், புதிய கோடு, மூன்று நாள் வேலை. கழித்த நேரசூசியைத் தூக்கி வேலிக்கு மேலால் மாமி வீட்டுப் பக்கம் போடுவான்.

மாமி மகள் றுமானா அதே பரீட்சைக்கு முதல் முறை தோற்ற இருந்தவள். விழுந்த ஒன்றை எடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். முஸ்தாக் பதறிப்போய் வேலியடிக்கு வந்தான்.

“புள்ள, அது தை மாசத்து மஃரிப். இப்ப செல்லாது!”

“பௌதிகம் அதேதானே மச்சான்? அதுவும் மாறிட்டா?”

இவ்வளவோடு நின்றிருந்தால் கூடத் தப்பியிருப்பான். அவனுடைய பெரிய கண்டுபிடிப்பு இனிமேல்தான் வருகிறது. தவறிய தொழுகையைப் பிறகு களாவாக நிறைவேற்றுவதுபோல, தவறிய பாடத்தையும் களாவாகப் படித்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டான். திங்கட்கிழமைப் பாடத்தை முடிக்காமல் செவ்வாய்ப் பாடத்தைத் தொடக்கூடாது. திங்களன்று மச்சினன் கலியாணம். செவ்வாயன்று திங்களின் களா. பாதியில் கரண்ட் போனது. புதனன்று அந்தக் களாவின் களா. இப்படியே நோன்பு வந்து, பெருநாளும் வந்து போயிற்று.

உம்மா நபீலாவுக்கே பொறுக்கவில்லை. “தொழுகைக்குக் களா இரிக்கி மகன். உன்ட கெமிஸ்ட்ரிக்கு ஆரு களா எழுதின?”

“உம்மா, அத்திவாரம் இல்லாம வீடு கட்டேலுமா?”

“நீ பதினொரு மாசமா அத்திவாரம்தானே வெட்டுறாய். கிணறே வந்திட்டு!”

வேலிக்கு அப்பால் றுமானா சோறு வடித்துக்கொண்டே வாய்க்குள் சமன்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். “விட்டத்த விட்டுட்டு இண்டையான படிங்க மச்சான்” என்றாள் ஒருநாள். அவள் விட்டதெல்லாம் விட்டதுதான். நாலு பாடத்தில் ஒன்று போகும், மூன்று நிற்கும். இதற்குப் பெயர் படிப்பா? முஸ்தாக் அவளுக்காகப் பரிதாபப்பட்டான்.

பரீட்சை நவம்பரில் வந்தது. முஸ்தாக் அப்போதுதான் மார்ச்சுக்கு வந்திருந்தான்.

பெறுபேறு வந்த காலையில் றுமானாவுக்கு இரண்டு ஏ, ஒரு பி. முஸ்தாக்குக்கு இரண்டில் வெறும் சித்தியான எஸ், ஒன்றில் எஃப். மாமி வீட்டிலிருந்து இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. இங்கே யாரும் அதைத் தொடவில்லை. முஸ்தாக்தான் முதலில் வாய் திறந்தான்.

“றுமானா படிச்சது ஆர்ட நேரசூசியில? என்டதுல. நேரசூசியில பிழையில்ல எண்டு இப்பயாவது ஒத்துக்கொள்றீங்களா?”

வாப்பா போனில் சாச்சாவின் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“வாப்பா, பௌதிகத்துல முதலாம் அலகு எனக்கு நிக்கிற மாதிரி இலங்கையில ஒருத்தனுக்கும் நிக்காது.”

“சரி மகன். கத்தார் எயாபோட்ல முதல்ல அதத்தான் கேப்பானுகள்.”

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்பு பஸ் மறுநாள் காலை. முஸ்தாக் கட்டிலில் குந்திக்கொண்டு பதினாறு நேரசூசிகள் தொங்கி இறங்கிய வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். துணிகள் மடிக்கப்படாமல் கிடந்தன. அந்த நேரம் பார்த்து றுமானா வாசலில் வந்து நின்றாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள், பாவம். அவளுக்கு அது வரவில்லை.

“மச்சான், போறதுக்கு முந்தி கெம்பஸுக்கு ஒரு நேரசூசி கீறித் தந்திட்டுப் போங்களன்.”

முஸ்தாக்கின் முகத்தில் இரத்தம் ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

“அங்க மஃரிப் எத்தின மணிக்கு?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று முஸ்தாக்குகள் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். அவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பவும் போனைத் தூக்கியிருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று: இதை உங்களிடம் கொண்டுவந்து “கட்டாயம் வாசி” என்று தந்தது யார், தரும்போது அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.